ஹில்ஸ்பரோ மழையில் அத்தானுக்குப் பின்னால்

ஓக்லாந்தில் மழை பெய்யும் என்பது விமானம் ஏறுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அத்தான் அக்காவுக்கு எழுதிய கடிதங்களில் அதைத் தவிர வேறு செய்தி இருந்ததில்லை. "இங்கே நல்ல மழை. குளிர் கூடிக்கொண்டு வருகிறது. விடிய எழும்பி ஓடப் போகிறேன். மகளுக்கு என் அன்பு." நீல எயர்மெயில் தாளில் கால்வாசிதான் நிரம்பியிருக்கும். மிச்சம் வெறும் தாள். அக்கா அந்த வெறும் இடத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் மடித்து வைப்பாள்.

எண்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதம். நான் கொழும்பில் ஒரு பால்மாப் பொதி செய்யும் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவன். புதிதாக வாங்கிய இயந்திரத்தைப் பழகிக்கொண்டு வர ஓர் ஆளை நியூசிலாந்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. போக இருந்த பெரியவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை வந்ததால் சீட்டு என் பெயரில் விழுந்தது. பன்னிரண்டு நாள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நான் வெளிநாடு போகிறேன் என்பதற்காக அல்ல, அங்கே அத்தான் இருக்கிறார் என்பதற்காக.

அக்காவும் ஐந்து வயது மகளும் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அறையொன்றில்தான் இருந்தார்கள். புறப்படும் அன்று அக்கா, தங்களை அங்கே கூப்பிடுவதற்கான குடிவரவுப் படிவமொன்றை என் கையில் தந்தாள். தன் பக்கத்தை மணியான எழுத்தில் நிரப்பி, தன் புகைப்படத்தையும் பிள்ளையின் புகைப்படத்தையும் ஒட்டியிருந்தாள். அத்தான் கையெழுத்து வைக்க வேண்டிய இரண்டு இடம் மட்டும் காலி. அதே படிவத்தை மூன்று தடவை தபாலில் அனுப்பியிருந்தாள். மூன்று தடவையும் பதிலாக மழைதான் வந்தது.

"கையெழுத்து வைச்சால் கொண்டு வா, தம்பி," என்றாள். "வைக்க மாட்டன் எண்டால் அதை வாயாலை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வா. எது எண்டாலும் பரவாயில்லை. எனக்கு மழைக்கதை மட்டும் வேண்டாம்."

விமானம் தரையிறங்கிய பிறகும் கதவைத் திறக்கவில்லை. அரைக் காற்சட்டையும் முழங்கால் வரை காலுறையும் போட்ட இரண்டு அதிகாரிகள் ஏறி, எங்கள் தலைக்கு மேல் பூச்சிமருந்து அடித்துக்கொண்டு நடந்தார்கள். விருந்தாளியை வரவேற்க இப்படியும் ஒரு முறை இருக்கிறது. வெளியே சோதனை மேசையில், அம்மா மருமகனுக்கென்று கட்டித் தந்த, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை ஒருவர் மோந்து பார்த்தார். மிளகாய்த்தூளை விட்டார், மாவை விடவில்லை. மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குப்பைத்தொட்டியில் போட்டார். இந்த ஊரில் எதையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் எறிவார்கள் என்பது பிறகு எனக்குப் பழகிவிட்டது.

அத்தான் வெளியே மழைக்கோட்டுடன் நின்றார். கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, ஆள் பாதியாகியிருந்தார்.

"வழியிலை கரைச்சல் ஒண்டுமில்லையே?"

"இல்லை, அத்தான்."

"நல்ல காலம். மழைக்கு முதல் இறங்கியிட்டாய்," என்றார். அக்கா எப்படி என்று கேட்கவில்லை. பிள்ளை எப்படி என்றும் கேட்கவில்லை. காருக்குள் ஏறிக் கண்ணாடி துடைப்பானைப் போட்டார்.

வீடு ஹில்ஸ்பரோவில். மரத்தால் கட்டிய பழைய வீடு. வெளியை விட உள்ளே குளிர் கூட. இவ்வளவு குளிர் நாட்டில் வீட்டைச் சூடாக்கும் பழக்கம் இல்லை என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. சுவெட்டருக்கு மேல் சுவெட்டர் போட்டுக்கொண்டு மேசையில் இருந்து சாப்பிடுகிறார்கள். அத்தானோடு வாடகையைப் பங்கு போட்டவர் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த செல்வம். ஹோட்டல் சமையலறையில் வேலை. அன்று டின் மீனில் குழம்பு வைத்திருந்தார். என் மிளகாய்த்தூளில் ஒரு கரண்டி போட்டதும் சுவை வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் படிவத்தை எடுக்கலாம் என்று நினைத்தேன். அத்தான் எழும்பிக் கை கழுவினார். "களைச்சுப் போய் வந்திருப்பாய். படு. நான் காலமை ஓடப் போவன். பிறகு ஆறுதலாய்க் கதைப்பம்."

நான் ஏன் அப்போதே கேட்கவில்லை என்று வாசிக்கிறவர்களுக்குத் தோன்றும். எங்கள் வீட்டில் மருமகனிடம் கேள்வி கேட்பதில்லை. பெண் கொடுத்த வீடு. அவர் வந்தால் எழும்பி நிற்போம். அவர் சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்கு இலை. அவராக ஒரு விஷயத்தைத் தொடங்கினால் ஒழிய நாங்கள் தொடங்கமாட்டோம்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தின் போதும் அப்படித்தான். அப்போது அக்காவும் அத்தானும் தெகிவளையில் வாடகைக்கு இருந்தார்கள். ஒழுங்கைக்குள் கூட்டம் திரும்பிய சத்தம் கேட்டதும் அத்தான் பின் மதிலேறிக் குதித்து, ரயில் பாதை வழியே ஓடிவிட்டார். தனியாக. அக்கா இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்ணின் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டாள். அத்தான் மூன்றாம் நாள்தான் நாங்கள் எல்லாரும் இருந்த அகதி முகாமுக்கு வந்தார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். வேறு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடம் நியூசிலாந்தில் வேலை கிடைத்துப் போனார். அந்த மதிலைப் பற்றி எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அதை நாங்கள் மரியாதை என்று நினைத்தோம்.

மறுநாள் அவர் ஓடிவிட்டு வந்து, குளித்து, உடனே வேலைக்குப் போனார். பின்னேரம் வந்ததும் செல்வம் பக்கத்தில் இருந்தார். அதற்கு அடுத்த நாளும் அதே கதை. காலையில் ஓடும் அந்த ஒரு மணித்தியாலம் மட்டுமே அவர் தனியாக இருக்கிறார் என்பது மூன்றாம் நாள் எனக்கு விளங்கியது.

"நானும் ஓட வரட்டே, அத்தான்?"

"உனக்கு ஏலுமே? சரியான குளிர்."

"ஏலும்."

நாலாம் நாள் விடிய ஆறு மணிக்குக் கொழும்பில் வாங்கிய அத்தனையையும் மாட்டிக்கொண்டேன். பருத்தி உள்சட்டை, முழுக்கைச் சட்டை, அம்மா பின்னிய கம்பளிச் சுவெட்டர், நீளக் காற்சட்டை. தலையில், நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் போடும், காதையும் கழுத்தையும் மூடுகிற கம்பளித் தொப்பி. தலை நனைந்தால் சன்னி வரும் என்று வளர்ந்த பிள்ளை நான். அத்தான் கோடு போட்ட மெல்லிய நீள உள்ளாடையும் அதற்கு மேல் குட்டைக் காற்சட்டையுமாக நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். மழைக்குள் இறங்கினார்.

பத்து நிமிடத்தில் சுவெட்டர் குடித்த தண்ணீர் ஒரு வாளி இருக்கும். அது முழங்கால் வரை தொங்கியது. தொப்பி கண்ணுக்கு இறங்கியது. காற்சட்டை தொடையை அராவி அராவித் தோலை எடுத்தது. மூச்சு விட்டால் புகை, இழுத்தால் நெஞ்சுக்குள் பிளேடு. அத்தான் முன்னால் சீராக ஓடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் ஓடினால் கதைக்கலாம். ஆனால் நடைபாதை ஒடுக்கம், அதோடு அத்தானுக்குச் சமமாகத் தோளுரசி ஓடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பின்னாலிருந்து கூப்பிடலாம். போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று சின்ன வயதில் வாங்கிய குட்டு தலையை விட்டுப் போகவில்லை. ஆக, ஒரு சொல்லும் பேசாமல் ஐந்து மைல் ஓடி வீட்டுக்கு வந்தேன். என்னைப் போல ஒரு முட்டாளை ஓக்லாந்து அன்று வரை கண்டிருக்காது.

செல்வம் கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தார். "என்னங்க இது, மலை ஏறப் போனீங்களா? பருத்தி, கம்பளி எல்லாம் தண்ணிய குடிச்சிரும்லா. இதப் போடுங்க, ஈரமானாலும் சூடு நிக்கும்." தன்னுடைய கோடு போட்ட உள்ளாடையை எடுத்துத் தந்தார். தொப்பிக்குப் பதிலாக விளிம்பு வைத்த தொப்பி தந்தார், மழை கண்ணில் விழாமல் இருக்க. சப்பாத்துக்குள் பழைய பத்திரிகையைக் கசக்கித் திணித்துவைக்கக் காட்டிக்கொடுத்தார். காலையில் அது ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பன்னிரண்டு நாளில் எனக்கு வேண்டியதைக் கேட்காமலே தந்த ஒரே மனிதர் அவர்தான்.

அன்று தொழிற்சாலைக்குப் போக முதல் தடவையாகப் பிடிக்கப் போன பஸ்ஸும் என்னை ஏமாற்றியது. தரிப்பிடத்தில் மரியாதையாக நின்றேன். முதலாவது போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவதை நடுத் தெருவில் இறங்கி மறித்தேன். சாரதி கோபிக்கவில்லை. "கையைக் காட்ட வேண்டும், நண்பரே," என்றார். "காட்டாவிட்டால் உங்களுக்கு ஏற விருப்பமில்லை என்றுதான் நான் நினைப்பேன்." கொழும்பில் பஸ் நின்றாலும் நிற்காவிட்டாலும் நாங்கள் ஏறிவிடுவோம். இங்கே ஒருவர் மனதை ஒருவர் ஊகிக்கும் வேலையே கிடையாது.

தொழிற்சாலையில் 'மீட் பை' என்று, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டமொன்று தந்தார்கள். மேலே ஆறியிருக்கும், உள்ளே கொதிக்கும். முதல் கடியிலேயே நாக்கு வெந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர். குளிரைப் பற்றி முறையிட்டால், "இது என்ன குளிர், தெற்கே போய்ப் பாருங்கள், பனி முழங்கால் வரை," என்பார். ஓக்லாந்தில் பனி விழுவதே இல்லை என்பதை அவரிடம்தான் அறிந்தேன்.

அது எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அத்தான் ஒரு முறை மகளுக்குப் பனிமலைப் படம் போட்ட அட்டை அனுப்பியிருந்தார். அன்று முதல் அப்பா பனியில் ஓடுகிறார் என்றுதான் பிள்ளை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். என்னிடம் ஒரு படமும் வரைந்து தந்திருந்தாள். தாள் முழுக்க வெள்ளைப் புள்ளி, நடுவில் ஒரு மனிதன். அன்று பின்னேரம் அதை அத்தானிடம் கொடுத்தேன். "பனி அப்பாவின்ரை காதுக்குள்ளை போகாதோ எண்டு கேட்டவள்," என்றேன்.

அவர் வெகு நேரம் பார்த்தார். "கால் வரைஞ்சது சரியில்லை," என்றார். பிறகு, "இஞ்சை ஸ்நோ இல்லை," என்றார். சப்பாத்தை மாட்டிக்கொண்டு மறுபடி ஓடப் போய்விட்டார். செல்வம் அந்தப் படத்தை எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் பூட்டு. ஊரே துக்க வீடு மாதிரிக் கிடந்தது. அத்தான் என்னைக் காரில், தெற்கே தோட்டக் காணிகள் உள்ள புக்கெகோஹிக்குக் கூட்டிக்கொண்டு போனார், வெங்காயமும் உருளைக்கிழங்கும் தோட்டத்திலேயே மூட்டையாக வாங்க. நல்ல சந்தர்ப்பம் என்று மூன்று தடவை தொண்டையைச் செருமினேன். முதல் தடவை ரேடியோவைக் கூட்டினார். இரண்டாம் தடவை, "இந்த மண்ணிலை என்ன போட்டாலும் விளையும்," என்றார். மூன்றாம் தடவை, "தொண்டை கட்டியிட்டுதோ? மழைக்குள்ளை ஓடினதாலைதான்," என்றார். வெங்காயச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு நாட்கள் கடகடவென்று போயின. பகலில் இயந்திரம், காலையில் மழை. ஒன்பதாம் நாள் ஆலங்கட்டி விழுந்தது. முகத்தில் கல்லெறிந்தது போல் இருந்தது. அத்தான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேகத்தைக் கூட்டினார், குறைக்கவில்லை. உடம்பு மட்டும் என்னை அறியாமல் தேறிக்கொண்டிருந்தது. மூச்சு கட்டுப்பட்டது. நின்றால்தான் குளிர், ஓடினால் குளிர் தெரியாது என்பது விளங்கியது. அவர் ஏன் நிற்பதில்லை என்பதும் கொஞ்சம் விளங்கத் தொடங்கியது. அதனால் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

கடைசி நாள். மத்தியானம் விமானம். விடியப் படிவத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பேனாவையும் வைத்து, உள்ளாடைக்குள் வயிற்றோடு செருகிக்கொண்டு ஓடினேன். தெரு ஒனெஹுங்கா பக்கம் சரிந்து இறங்கும் இடத்தில், மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. முதல் தடவையாக வேகத்தைக் கூட்டினேன். அவரைத் தாண்டினேன். தாண்டித் திரும்பிக் குறுக்கே நின்றேன்.

"நில்லுங்கோ, அத்தான்."

"என்ன, கால் பிடிச்சிட்டுதே?"

"கையெழுத்து வைக்கிறியளோ, இல்லையோ? ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ."

"மழைக்குள்ளை நிண்டால் குளிர் பிடிக்கும். ஓடிக்கொண்டு கதைப்பம்."

"இல்லை. நிண்டு சொல்லுங்கோ."

அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு குனிந்தார். மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. "அண்டைக்கு நான் மதிலேறிக் குதிச்சனான். உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் கேக்கேல்லை. மாமி தேத்தண்ணி தந்தவ. உன்ரை அக்கா என்ரை ஊத்தைச் சேட்டு, காற்சட்டையைத் தோய்ச்சுத் தந்தவள். மூண்டு நாள் எங்கை இருந்தனீங்கள் எண்டு ஒரு சொல் கேக்கேல்லை. ஒருக்கா ஏசியிருந்தால், செருப்பாலை அடிச்சிருந்தால், நான் அங்கையே இருந்திருப்பன். ஒண்டும் கேக்காத அந்த முகத்தை ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு என்னாலை இருக்க ஏலாமல் போச்சு. இஞ்சை ஒருத்தரும் என்னைப் பாக்கிறதில்லை."

எனக்குள் ஏதோ அறுந்தது. குற்றத்தையும் செய்துவிட்டு, நாங்கள் காட்டிய மரியாதையையும் எங்கள் தலையிலேயே கட்டுகிறாரே என்று கொதித்தது. பன்னிரண்டு நாள் கொதிப்பு, மூன்று வருடக் கொதிப்பு, எல்லாம் சேர்ந்து வாயில் வந்தது.

"அப்ப நான் கேக்கிறன். ஏன் தனிய ஓடினனீங்கள்? ரெண்டு வயசுப் பிள்ளையைத் தூக்க உங்களுக்குக் கையில்லையோ? அக்கா பிள்ளையின்ரை வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள்ளை பொழுதுபடுமட்டும் நிண்டவள். அண்டைக்கும் கோழை, இண்டைக்கும் கோழை. உங்களுக்கு எழும்பி நிண்ட எங்களைத்தான் செருப்பாலை அடிக்கவேணும்!"

கத்தினேன். அந்த அமைதியான தெருவில் அப்படி ஒரு சத்தம் எழும்பியிருக்காது. நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களைத் தாண்டும்போது புன்னகைத்து, "இன்றைக்குக் கொஞ்சம் ஈரம், இல்லையா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அத்தான் நிமிர்ந்தார். நான் எதிர்பார்த்த முகம் அல்ல. பல் பிடுங்கிய பிறகு நோவு விட்ட ஆளின் முகம். என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதைத்தான் தம்பி, இதை ஆராவது கேக்க மாட்டினமோ எண்டு..." என்றார்.  நான் அவசரமாகப் பையை எடுத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "கை ஈரம். வீட்டை வா, காய்ஞ்ச கையாலை வைப்பம்," என்றார்.

திரும்பி ஓடத் தொடங்கினார். எவ்வளவு லேசாக ஓடினார்! மேட்டில் ஏறுவதே தெரியாமல் ஏறினார். நானும் சிரித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சந்தி திரும்பியதும் அவர் என் கண்ணிலிருந்து மறைந்தார்.

நான் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தபோது கார் இல்லை. வாசலில் ஈரச் சப்பாத்து மட்டும் கிடந்தது. செல்வம் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அவசர வேலைன்னு கெளம்பிட்டாருங்க. உங்கள நான் டாக்சி வச்சு ஏர்போர்ட்ல விடணுமாம்."

"என்னட்டை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"மழ கூடுது, பாத்துப் போகச் சொல்லுன்னாரு."

ஃபிரிட்ஜ் கதவில் பிள்ளை வரைந்த படம் இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு, கையெழுத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார். அவருக்கு மூன்று வருடமாகத் தேவைப்பட்ட ஏச்சை இலவசமாகக் கொடுத்து ஆளைச் சுகப்படுத்தியவன் நான். என் அக்காவுக்குத் தேவைப்பட்டது ஒரு சொல். அதை நான் வாங்கவில்லை.

விமானத்தில் முழுக்க அதே யோசனை. ஒருக்கா ஏசியிருந்தால் இருந்திருப்பன் என்றார் என்று அக்காவிடம் சொல்லலாம். சொன்னால், மிச்சக் காலம் முழுக்க அவள் தன்னைத்தானே தின்பாள். அந்தச் சொல்லை நான் அவளுக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்தேன். அதை எடுத்துவிட்டால் என்னிடம் வேறு என்ன இருந்தது?

வெள்ளவத்தையில் அக்கா வாசலிலேயே நின்றாள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் பெட்டியை வைக்கும் வரை பொறுத்திருந்தாள்.

"என்ன சொன்னவர்?"

வாய் திறந்தேன். எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வந்தவன்.

"அங்கை நல்ல மழை, அக்கா," என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் பையை எடுத்தாள். படிவத்தில் ஒரு துளி ஈரமும் பட்டிருக்கவில்லை. ஜன்னலோரம் போய் இருந்து, கிழியாமல், நகத்தால் மெல்ல மெல்லப் படிவத்திலிருந்து பிள்ளையின் புகைப்படத்தைக் கிளப்பினாள்.

"பள்ளிக்கூடத்திலை படம் ரெண்டு கேட்டவை," என்றாள். "ஒண்டு குறைஞ்சு நிண்டது."